மாநகராட்சிக் கட்டிடங்களில் சோலார்: டெண்டருக்கு முன்பே நடக்கும் தவறுகள்

தமிழ்நாட்டு மாநகராட்சிக் கட்டிடங்களில் மாடி சோலார் என்று பேச்சு எடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "எத்தனை கிலோவாட் போடலாம்?" தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. வருடத்துக்கு எத்தனை யூனிட் வரும், அதில் எவ்வளவு அந்தக் கட்டிடத்திலேயே செலவாகும் என்றுதான் கேட்க வேண்டும். நிழல் விழாத மாடியில் 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் தேவை. அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட், வருடத்துக்குச் சுமார் 1,400 யூனிட் தரும்.

மாடி பெரிதாக இருக்கிறது என்று ஒரு பள்ளியில் 20 கிலோவாட் போட்டால் தினமும் 80 யூனிட் வரும். ஃபேன், டியூப்லைட், ஒரு தண்ணீர் மோட்டார் மட்டும் உள்ள பள்ளிக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பள்ளியே பூட்டிக் கிடக்கும். மிச்ச மின்சாரம் கிரிடுக்கு, அதாவது மின்வாரிய லைனுக்குப் போகும். நெட் மீட்டரிங் இருந்தால் யூனிட்டுக்கு யூனிட் கழியும். நெட் பில்லிங் என்றால், நாம் வாங்கும் விலையைவிடக் குறைந்த விலைதான் கிடைக்கும். கட்டிடத்தின் டாரிஃபுக்கு (மின்கட்டண வகைக்கு) எது பொருந்தும், லைனைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் உண்டா என்பதை டெண்டருக்கு முன்பே மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பகல் முழுக்க மோட்டார் ஓடும் குடிநீர், கழிவுநீர் நீரேற்று நிலையங்கள், ஏசி ஓடும் மண்டல அலுவலகங்கள் ஆகியவற்றுக்குத்தான் முதலிடம் தர வேண்டும். கடைசி ஒரு வருட பில்களை எடுங்கள். பில்லில் பகல் செலவு தனியாகத் தெரியாது. அதனால் ஒரு வாரம் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மீட்டர் ரீடிங் எழுதினால் போதும், சரியான அளவு பிடிபடும்.

நிழலை ஜூன் மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு "நிழலே இல்லை" என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும். சென்னையில் அப்போது 1 மீட்டர் உயரத்துக்கு நண்பகலில் முக்கால் மீட்டர், காலை 9 மணி வாக்கில் ஒன்றரை மீட்டர் நிழல் விழும். அப்படியானால் இரண்டரை மீட்டர் உயர மாடிப்படி அறையின் நிழல் ஏறக்குறைய 4 மீட்டர் நீளும். சின்டெக்ஸ் டேங்க், பக்கத்துத் தென்னை, புதிதாக எழும்பும் அடுத்த கட்டிடம் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பேனல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றிரண்டு பேனலில் விழும் நிழலே அந்த வரிசையின் உற்பத்தியையே கீழே இழுத்துவிடும்.

தளத்தில்தான் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது. சுருக்கி (சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த பூச்சு) போட்டுத் தட்டோடு பதித்த மாடியில், பேனலைத் தாங்கும் ஸ்டாண்டுக்காக நேரே துளை போட்டு ஆங்கர் போல்ட் அடித்தால், அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் அந்தத் துளை வழியாக இறங்கி வகுப்பறை சீலிங்கை ஊற வைக்கும். ஸ்டாண்டின் கால் வரும் இடத்தில் மட்டும் தட்டோட்டையும் சுருக்கியையும் வெட்டி எடுத்து, கான்கிரீட் தளத்தோடு பிணைத்துப் பீடம் வார்த்து, சுற்றிலும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். மரச்சட்டம் தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டிடங்களில் கட்டமைப்புப் பொறியாளரின் சான்று இல்லாமல் கை வைக்கவே கூடாது. தளப் பழுது பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். பேனல் 25 வருடம் இருக்கும், தளப்பூச்சு அவ்வளவு காலம் தாங்காது.

வடிவமைப்புக்குச் சென்னையில் எடுத்துக்கொள்ள வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ஸ்டாண்டு டிசைன் அதற்குப் போட்டதா என்று வரைபடத்தில் பாருங்கள். கடலோரத்தில் ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த) இரும்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் கட்டாயம். வேலை நடக்கும் இடத்தில் வைத்து வெட்டிய, துளைத்த இடங்களிலிருந்துதான் துரு ஏறும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு தவறான நம்பிக்கை ஆபத்தானது. சோலார் இருந்தால் கரண்ட் போனாலும் தடுப்பூசி ஃபிரிட்ஜ் ஓடும் என்று நினைக்கிறார்கள். ஓடாது. லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்தே இயங்கும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் மின்வெட்டின்போது தானாக நின்றுவிடும். ஃபிரிட்ஜ், பிரசவ அறை விளக்கு போன்ற அவசர லோடைத் தனி சர்க்யூட்டாகப் பிரித்து, அதற்கு மட்டும் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கொடுங்கள். ஜெனரேட்டர் உள்ள கட்டிடத்தில் அது ஓடும்போது சோலாரைக் கட்டுப்படுத்தும் கருவியும் வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாய்ந்து அதைக் கெடுக்கும்.

மின்வேலையில் கவனிக்க வேண்டியவை சில. டிசி (பேனல் பக்க மின்சாரம்), ஏசி (இன்வெர்ட்டரிலிருந்து கட்டிடத்துக்கு வரும் மின்சாரம்), இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி தேவை. பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்களில் வேறு வேறு கம்பெனியுடையதை ஒன்றோடொன்று செருகினால் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுதாத டெண்டர் பாதி டெண்டர்தான். 50 கிலோவாட்டுக்குச் சுமார் 93 பேனல் வரும். மாடியில் குழாய் இல்லை, ஏற ஏணி இல்லை என்றால் யாரும் கழுவப் போவதில்லை. உப்புத்தண்ணீர் போர் என்றால் கழுவக் கழுவ வெள்ளைப் படிவுதான் ஏறும். விடியற்காலையில் நல்ல தண்ணீரில், பேனல் மேல் கால் வைக்காமல் கழுவ வேண்டும்.

ஒப்பந்ததாரருக்குப் பணத்தை முழுக்க ஸ்டாண்டு நிறுத்திய அன்றே கொடுத்துவிடாதீர்கள். 50 கிலோவாட் என்றால் முதல் வருடம் 70,000 யூனிட் என்று இலக்கு எழுதி, ஒரு பகுதித் தொகையை ஐந்து வருடப் பராமரிப்போடும் அந்த யூனிட் கணக்கோடும் கட்டிப்போடுங்கள். யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று தனியாரே முதலீடு செய்யும் ரெஸ்கோ முறையில் போனால், கட்டிடம் இடிபட்டாலோ பழுதுக்காகப் பேனலைக் கழற்றினாலோ யார் செலவு என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். மொபைல் ஆப்பை மட்டும் நம்ப வேண்டாம். இன்வெர்ட்டரில் உள்ள சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்தால் தகவல் வருவது நின்றுவிடும். சோலார் மீட்டர் ரீடிங்கை வாரம் ஒருமுறை நோட்டில் எழுத, அந்தக் கட்டிடத்திலேயே வேலை பார்க்கும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.