வீடியோவுல ஓடுன கறுப்புக் கோடு, மூணு நாள் அலைச்சல்

தங்கச்சியோட காலேஜ் குறும்படத்த பினாங்குல எங்க வீட்டுலயேதான் எடுத்தோம், நான் லைட் புடிக்கிறது, ஒயர் சுருட்டுறது, எல்லாருக்கும் கோப்பி கலக்குறதுன்னு எடுபிடி வேலை. மொத நாள் ராத்திரி லேப்டாப்புல போட்டுப் பாத்தா சமையலறை ஷாட் பூரா மங்கலா பட்டை பட்டையா கோடு, மெதுவா மேல ஏறிக்கிட்டே இருக்கு. கேமரா ஸ்கிரீன் சின்னது, அதுல கண்ணுக்கே தெரியல.

மெமரி கார்ட மாத்துனோம், லென்ஸ இரவல் வாங்குனோம், அம்மா வேற ஃபேன் நெழல்தான்னு சொல்லி ஃபேன நிறுத்திட்டாங்க, வேர்த்து ஊத்துனதுதான் மிச்சம். அப்புறம்தான் கவனிச்சேன், ஜன்னல் பக்கம் எடுத்த ஷாட்ல கோடே இல்ல, சாமி மேடை எல்இடி பல்பு பக்கம் திரும்புனா மட்டும் வருது.

நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால இந்த மாதிரி பல்பு செகண்டுக்கு 100 தடவ கூடிக் கொறையும். கேமராவோ ஆட்டோவுல 1/60 ஷட்டர்ல நின்னுச்சு, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 1/60 செகண்டுதான் வெளிச்சத்த உள்ள விடுது. 1/125 வெச்சுப் பாத்தேன், இன்னும் மோசம். மேனுவலுக்கு மாத்தி 1/50 வெச்சதும் பல்பு சரியா ரெண்டு தடவ கூடிக் கொறையிற நேரம் ஆயிருச்சு, கோடு போயிருச்சு.

ஒண்ணு கவனம், கேமராவ PAL சிஸ்டத்துக்கு (50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு ஒத்துப்போற வீடியோ முறை) மாத்துங்கன்னு ஒரு அண்ணன் சொன்னாரு, மாத்தப் போனா கார்ட ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது! நல்லவேளை ஓகே அமுக்கல, மொத நாள் எடுத்தது மொத்தமும் அதுலதான் இருந்துச்சு. ஷட்டர மட்டும் மாத்துனதே போதும். சமையலறை சீன மட்டும் திரும்ப எடுத்தோம்.