சுண்ணாம்புக்கல் எண்ணெய் வயல்கள்: கணக்கு எங்கே பிழையாகிறது

சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் 1969 இல் இயங்கத் தொடங்கியபோது, ஈரானின் இலகு ரக மசகு எண்ணெய்க்கு ஏற்றபடிதான் அதை அமைத்திருந்தார்கள். அந்த எண்ணெயில் பெரும்பங்கு சாக்ரோஸ் மலையடிவாரத்துச் சுண்ணாம்புக்கல் வயல்களில் இருந்து வருவது. ஈரான் மட்டுமல்ல. சவூதி, அபுதாபி, கட்டார் எல்லாமே பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லையும் அது மாறி உண்டாகும் டொலமைட் பாறையையும் நம்பி வாழும் இடங்கள். உலகின் எண்ணெய் இருப்பில் ஏறத்தாழ 60 வீதம் இப்படிப்பட்ட பாறைகளில்தான் இருக்கிறது என்பது துறையில் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

ஆனால் இந்தத் துறையின் அடிப்படைக் கணக்குகள் பிறந்த இடம் வேறு. துளைகள் வழியே திரவம் எப்படி ஓடும் என்று சொல்லும் தன் விதியை ஹென்றி டார்சி 1856 இல் எழுதியது மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்து. பாறையின் மின்தடையை வைத்து எண்ணெய் எவ்வளவு என்று சொல்லும் ஆர்ச்சியின் 1942 ஆம் ஆண்டுச் சூத்திரம் மணற்கல்லில் இருந்து வந்தது. கொழும்பில் பொறியியலோ புவியியலோ படித்துவிட்டு வளைகுடா எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், மணலில் பழகிய கையோடுதான் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குகிறார்கள். கீழே நான் சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

மணலை ஆறு எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டுகிறது. சுண்ணாம்புக்கல் அப்படியல்ல, அது இருந்த இடத்திலேயே பிறக்கிறது. சூடான, ஆழமில்லாத கடலில் பவளமும் சிப்பியும் பாசியும் கட்டிய ஓடுகள்தான் அது. பிறந்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. மழைநீர் பட்டால் கரையும், கரைந்தது வேறோர் இடத்தில் படிந்து துளையை அடைக்கும், மக்னீசியம் ஏறினால் டொலமைட்டாக மாறும், மலை எழும்பினால் வெடித்துப் பிளவுபடும். ஆகவே ஒரு வயலில் எவ்வளவு எண்ணெயை வெளியே எடுக்கலாம் என்பதை அந்தப் பிரதேசம் கடந்துவந்த வரலாறுதான் தீர்மானிக்கிறது.

எல்லாம் ஒரே சுண்ணாம்புக்கல் என்று எண்ணுவது

மூன்று வயல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சவூதியின் கவார் 1948 இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 280 கிலோமீற்றர் நீளம். எண்ணெய் இருப்பது அரப்-டி என்ற யுராசிக் காலத்து அடுக்கில். அன்றைய கடல் மெல்ல மெல்ல ஆழம் குறைந்துகொண்டு வந்ததால், அடியில் சேறு போன்ற நுண்மணிச் சுண்ணாம்பு, மேலே அலையில் கழுவுண்ட பெருமணிச் சுண்ணாம்பு என்று படிந்தது. கடைசியில் கடல் வற்றியபோது உருவான அன்ஹைட்ரைட் உப்புப்படை இறுக்கமான மூடியாக மேலே அமர்ந்தது. நல்ல துளை, நல்ல மூடி, பெரிய மேடு, மூன்றும் ஓரிடத்தில் கூடின. ஆனால் இந்த ஒரே வயலுக்குள்கூட வடக்கும் தெற்கும் ஒன்றல்ல. வடக்கே ஐன் தார், ஷெட்கும் பகுதிகளில் எண்ணெய் எளிதாக ஓடும். தெற்கே ஹராத் பக்கம் போகப்போகப் பாறையின் தரம் குறைகிறது.

வட கடலில், நோர்வேப் பக்கத்து எக்கோஃபிஸ்க் 1969 இல் கிடைத்தது. அது சுண்ணக்கட்டிப் பாறை. கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓட்டுத்தகடுகள் குவிந்து உண்டானது. துளைத்தன்மை, அதாவது பாறையில் வெற்றிடமாக உள்ள பங்கு, 30 முதல் 40 வீதம் வரை. மூன்று கிலோமீற்றர் ஆழத்தில் இவ்வளவு துளை மிஞ்சியிருப்பதே அதிசயம். எண்ணெய் முன்கூட்டியே வந்து புகுந்ததும், உள்ளே திரவ அழுத்தம் மிகுந்திருந்ததும் அந்தத் துளைகளை நசுங்காமல் காத்தன. ஆனால் துளை ஒவ்வொன்றும் மிக நுண்ணியது, ஊடுபாயும் தன்மை, அதாவது திரவத்தை ஓட விடும் தன்மை, மிகக் குறைவு, அதன் அலகில் சில மில்லிடார்சிதான். இயற்கை வெடிப்புகள் இல்லாவிட்டால் அந்த வயலில் இவ்வளவு எண்ணெய் ஓடியிருக்காது.

மூன்றாவது ஈரானின் அஸ்மாரிச் சுண்ணாம்புக்கல். மத்திய கிழக்கின் முதல் பெரிய எண்ணெய்க் கிணறு 1908 இல் மஸ்ஜித் சுலைமானில் பீறிட்டது இந்தப் பாறையில் இருந்துதான். பாறையின் உடல் பெரும்பாலும் இறுக்கமானது. அரேபியத் தட்டு யூரேசியாவோடு மோதிச் சாக்ரோஸ் மடிந்தபோது அது வெடித்தது, அந்த வெடிப்புகள் வழியேதான் எண்ணெய் கிணற்றுக்கு வருகிறது.

பெயர் மூன்றுக்கும் ஒன்றுதான், எண்ணெய் வரும் வழி மூன்று. ஒன்றில் கற்ற பாடத்தை இன்னொன்றில் அப்படியே போடுபவர் முதல் நாளே திசை மாறிவிடுகிறார். நமக்குப் பக்கத்தில் 1974 இல் கிடைத்த பம்பாய் ஹையும் சுண்ணாம்புக்கல் வயல்தான். அங்கே சுண்ணாம்பு மெல்லிய அடுக்குகளாக, இடையிடையே களிப்பாறையோடு இருக்கிறது. ஓர் அடுக்கில் செலுத்திய நீர் அடுத்த அடுக்குக்கு உதவும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

துளையின் அளவை மட்டும் பார்ப்பது

என்னைப் பொறுத்தவரை இதுதான் மிகப் பெரிய தவறு. மணற்கல்லில் துளைத்தன்மை கூடினால் ஊடுபாயும் தன்மையும் ஏறத்தாழக் கூடவே ஏறும். சுண்ணாம்புக்கல்லில் அந்த உறவை நம்ப முடியாது. 35 வீதத் துளையுள்ள பாறை எண்ணெயை விட மறுக்கும். 5 வீதத் துளையுள்ள வெடித்த பாறை ஆறாக ஓட விடும்.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கொழும்பில் தோண்டினால் கபுக்கல்லும் அதன் கீழ் பழைய உருமாறிய பாறையும்தான் வரும். ஆனால் புத்தளத்துக்கு வடக்கே அருவக்காலுவில் தொடங்கி யாழ் குடாநாடு வரை கரையோரமாக மயோசீன் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அங்கே ஒரு வளவுக் கிணறு வற்றாமல் ஊறும், வேலிக்கு அப்பால் இன்னொன்று உவர்க்கும். புத்தூர் நிலாவரை போன்ற ஆழமான கேணிகளும், கடலோரத்தில் நன்னீர் பொங்கும் கீரிமலையும் ஒரே கல்லில் கரைந்து உண்டான வழிகளின் வேலை. நீர் கல் முழுவதிலும் சீராகப் பரவி நிற்பதில்லை, அதற்கென்று பாதை இருக்கிறது. எண்ணெய் வயலிலும் இதேதான், ஆழம்தான் வேறு.

இந்தத் தவறு ஆய்வுகூடத்துக்குள்ளும் நுழைகிறது. பாறை மாதிரியில் இருந்து 38 மில்லிமீற்றர் அகலமுள்ள சிறு உருளைகளை வெட்டி அளக்கிறார்கள். ஒரு குழியே கைமுட்டி அளவு இருந்தால் அந்த உருளை எதைக் காட்டும்? உடையாமல் வெட்டக்கூடிய இடத்தில்தான் உருளை எடுக்க முடியும் என்பதால், எண்ணெய்க்கு மிகவும் முக்கியமான பொள்ளலும் வெடிப்பும் உள்ள பகுதி கணக்கிலேயே வராமல் போகிறது. துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்தும் சேற்று நீர் திடீரென்று காணாமல் போனால், பாறை மாதிரி மேலே வராமல் உடைந்துபோனால், அதை வெறும் தொல்லை என்று பதிவேட்டின் ஓரத்தில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். வெடிப்பு எங்கே என்று பாறை தானாகச் சொன்ன இடம் அது. அங்கே முழு விட்டப் பாறைத் துண்டை அளக்க வேண்டும், கிணற்றுச் சுவரின் படப்பதிவை எடுக்க வேண்டும், ஓட்டச் சோதனை செய்ய வேண்டும்.

ஆர்ச்சியின் சூத்திரமும் இங்கே ஏமாற்றும். துளைகள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதைக் குறிக்க அதில் வரும் சிமெந்தாக்க அடுக்கெண்ணை வழக்கமாக 2 என்று போடுவார்கள். ஒன்றோடொன்று இணையாத குழிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் அது 3 ஐத் தாண்டலாம், வெடிப்புகள் மிகுந்த பாறையில் 2 க்குக் கீழே இறங்கும். 2 என்றே விட்டுவிட்டால் முதல் வகைப் பாறையில் தண்ணீரை எண்ணெய் என்று எண்ணிவிடுவோம்.

அப்புறம், டொலமைட் என்றாலே நல்ல பாறை என்று ஒரு நம்பிக்கை உண்டு. கவாரிலேயே சில டொலமைட் அடுக்குகள் கல்லாக இறுகிக் கிடக்கின்றன, சில அடுக்குகள் வயலிலேயே மிக வேகமாக ஓட விடுபவை. அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

வெடிப்பு என்றால் வரம் என்று நினைப்பது

தொடக்கத்தில் அப்படித்தான் தெரியும். வெடிப்புள்ள வயலில் ஒரே கிணறு பல கிணறுகளின் எண்ணெயைக் கொடுக்கும். ஆனால் எண்ணெயின் பெரும்பகுதி வெடிப்புகளுக்கு இடையே உள்ள இறுகிய பாறைக் கட்டிகளுக்குள் இருக்கிறது. கிணற்றில் இருந்து வேகமாக இறைத்தால் வெடிப்பு வழியே கீழிருந்து நீரும் மேலிருந்து வாயுவும் ஓடிவந்து கிணற்றைப் பிடித்துக்கொள்ளும். கட்டிக்குள் இருந்த எண்ணெய் அங்கேயே நின்றுவிடும்.

மெக்சிக்கோவின் கன்டரெல் இதற்குப் பெரிய சாட்சி. 1976 இல் கிடைத்த அந்த வயலின் பாறை நொறுங்கிய சுண்ணாம்பு, சிக்சுலுப் விண்கல் மோதலோடு தொடர்புடையது. 2000 இல் நைட்ரஜன் செலுத்தத் தொடங்கினார்கள். 2004 இல் உற்பத்தி நாளொன்றுக்கு 20 இலட்சம் பீப்பாயைத் தாண்டியது. ஆறே ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. மேலிருந்த வாயுத் தொப்பி கீழிறங்க இறங்க, அது எட்டிய கிணறுகள் ஒவ்வொன்றாக எண்ணெயை இழந்தன.

ஈரானில் ஹஃப்ட் கெல் வயலில் 1970களில் வேறு வழியில் போனார்கள். வெடிப்புகளை வாயுவால் நிரப்பி, கட்டிகளில் இருந்து எண்ணெய் தன் பாரத்தாலேயே மெல்ல வடிய விட்டார்கள். கட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு இது நன்றாக வேலை செய்யும். குட்டைக் கட்டிகளில் நுண்துளை ஈர்ப்பு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே அவசரம் நேரடியாக நட்டம், வடிவதற்கு நேரம் கொடுத்தே ஆகவேண்டும்.

நீரைச் செலுத்தினால் எண்ணெய் வந்துவிடும் என்ற நம்பிக்கை

மணற்கல்லின் பரப்பு பெரும்பாலும் நீரை விரும்பும். சுண்ணாம்புக்கல்லின் பரப்பு மசகு எண்ணெயில் உள்ள கரிம அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும். கல்சைட்டின் பரப்பில் நேர்மின்னேற்றம், அமிலத்தில் எதிர்மின்னேற்றம், இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தாச்சியில் தண்ணீர் விட்டால் பிசுக்கு விலகாமல் தண்ணீர் உருண்டு ஓடுவது போலத்தான், செலுத்திய நீர் பாறைக் கட்டிக்குள் நுழையாமல் வெடிப்பு வழியே வழுக்கி ஓடிவிடும். கவாரிலும் மிகை ஊடுபாயும் மெல்லிய அடுக்குகள் வழியே நீர் எதிர்பார்த்ததற்கு முந்திக் கிணற்றை அடைந்திருக்கிறது.

எக்கோஃபிஸ்க் மட்டும் ஏன் வேறு மாதிரி நடந்தது? அந்தச் சுண்ணக்கட்டி ஓரளவு நீரை விரும்பும் பாறை. 1987 இல் பெரிய அளவில் கடல்நீரைச் செலுத்தியபோது அது நீரைத் தானாக உறிஞ்சி எண்ணெயை வெடிப்புக்குள் தள்ளியது. தொடக்கத்தில் 17, 18 வீதம்தான் மீட்கலாம் என்று கணக்கிட்ட வயலில் இன்று மதிப்பீடு 50 வீதம் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. எண்ணெயை எடுக்க எடுக்க அந்த மென்மையான பாறை நசுங்கி, கடலடித் தரை தாழ்ந்தது 1984 இல் தெரியவந்தது. 1987 இல் மேடைகளை 6 மீற்றர் உயர்த்த வேண்டியதாயிற்று. நீர் செலுத்தினால் அழுத்தம் திரும்பி, தாழ்வது உடனே நின்றுவிடும் என்று எதிர்பார்த்தால் அதுவும் பிழை. நீர் பட்ட சுண்ணக்கட்டி மேலும் பலமிழக்கிறது.

ஆகவே பக்கத்து வயலில் 50 வீதம் வந்தது, இங்கும் வரும் என்று எழுதும் அறிக்கையைக் கண்டால், பாறை நீரை விரும்புமா எண்ணெயை விரும்புமா என்று உண்மையான மாதிரியில், வயலின் வெப்பநிலையில் சோதித்தார்களா என்று முதலில் கேளுங்கள். நன்றாகக் கழுவி உலர்த்திய பாறைத் துண்டில் செய்த சோதனை, நிலத்தடியில் இல்லாத ஒரு பாறையைப் பற்றிய சோதனை.

நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லும் மன்னாரும்

யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, வளைகுடாவில் சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய் இருக்கிறது, ஆகவே நம் காலடியிலும் இருக்கும் என்ற பேச்சைக் கொழும்பில் படித்தவர்கள் வாயிலும் கேட்கலாம். குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் தரையோடு தரையாக, மழைநீரும் கடல்நீரும் போய்வரும் நிலையில் கிடக்கிறது. மேலே மூடி இல்லை. மூடியில்லாத இடத்தில் எண்ணெய் தங்காது. அந்தக் கல் நமக்குத் தருவது குடிநீர், அந்த நீரைக் காப்பாற்றுவதே இப்போதைக்குப் பெரிய காரியம். கல்லில் பாதைகள் திறந்திருப்பதால் மலக்குழிக் கழிவும் உர நைத்திரேற்றும் வேகமாகக் கிணற்றை எட்டுகின்றன.

மன்னார் வேறு கதை. 1970களில் பேசாலையில் சோவியத் உதவியோடு தோண்டிய கிணறுகளில் வணிக அளவில் எதுவும் கிடைக்கவில்லை. 2011 இல் ஆழ்கடல் படுகையில் டொராடோ கிணறு 25 மீற்றர் தடிப்பில் ஐதரோகாபன் கண்டது, பெரும்பாலும் வாயு, அதுவும் மணற்கல்லில். கவாரின் எண்ணும் எக்கோஃபிஸ்க்கின் எண்ணும் அதற்குப் பொருந்தாது. எண்ணெயைவிட வாயு பாறையில் இருந்து எளிதாக வெளியேறும், ஆகவே மீட்பு வீதத்தின் கணக்கே வேறு. அடுத்த முறை மன்னாரைப் பற்றி ஓர் அறிவிப்பு வரும்போது மீற்றர்த் தடிப்பை மட்டும் பார்த்து மகிழவோ சலிக்கவோ வேண்டாம். எந்தப் பாறை, மேலே மூடி எது, ஓட்டச் சோதனையில் எத்தனை நாள் அழுத்தம் நின்றது என்ற மூன்று விவரங்களும் அதில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்.