நாற்பதுக்கு மேல 1500 மீட்டரை 5 நிமிஷத்துக்குள்ள ஓடணும்னா

1500 மீட்டரை 5 நிமிஷத்துல முடிக்கணும்னா லேப்புக்கு, அதாவது 400 மீட்டர் ட்ராக்கோட ஒரு சுத்துக்கு, 80 செகண்ட், 200க்கு 40, 100க்கு 20. கணக்கு அவ்ளோதான். 100 மீட்டரை 20 செகண்ட்ல ஓடறது ஓரளவு ஃபிட்டா இருக்கற யாருக்கும் முடியும், அதையே நிக்காம 15 தடவை ஓடறதுதான் வேலை. உங்க டார்கெட் 4:30னா லேப்புக்கு 72 வரும், 5:30னா 88 வரும், நான் கீழ சொல்றதெல்லாம் 5 நிமிஷத்த வச்சு சொல்றேன், நீங்க உங்க நம்பரைப் போட்டு மாத்திக்கோங்க. வாரத்துல நாலு அஞ்சு நாள் ஏற்கனவே ஓடிட்டு இருக்கறவங்களுக்குத்தான் இது, இப்பதான் நடக்கவே ஆரம்பிச்சிருக்கீங்கன்னா முதல்ல ஆறு மாசம் மெதுவா ஓடிப் பழகிட்டு வாங்க.

இந்த வயசுல நடக்குமான்னு கேக்கறவங்களுக்கு: 1994ல அயர்லாந்தோட ஈமன் காக்லன் 41 வயசுல இன்டோர்ல ஒரு மைல 3:58.15ல ஓடினார், நாற்பதைத் தாண்டி 4 நிமிஷத்துக்குள்ள மைல் ஓடின முதல் ஆள் அவர்தான். அதே வருஷம் ரஷ்யாவோட யெகதெரினா பொட்கொபயேவா 42 வயசுல 1500 மீட்டரை 3:59.78ல ஓடினாங்க, 1997ல 44 வயசுல உலக இன்டோர் சாம்பியன் ஆனாங்க. ரெண்டு பேருமே வாழ்க்கை பூரா டாப் லெவல்ல ஓடினவங்க, நம்மள அவங்களோட ஒப்பிட முடியாது, ஆனா நாற்பது வந்ததும் உடம்பு கதவைச் சாத்திடறதில்லங்கறது மட்டும் தெளிவாத் தெரியுது.

குறையறது என்னன்னு தெரிஞ்சாத்தான் ட்ரெய்னிங் எப்படிப் போடணும்னு புரியும். ஆக்சிஜனை உடம்பு பயன்படுத்தற அளவு, அதாவது விஓ2 மேக்ஸ், பயிற்சி இல்லாதவங்களுக்கு பத்து வருஷத்துக்கு சுமார் 10 சதவீதம் குறையுது, கடுமையா ஓடிட்டே இருக்கறவங்களுக்கு அதுல பாதி அளவுக்குத்தான் குறையும்னு சொல்லலாம். அதிகபட்ச ஹார்ட் ரேட் இறங்கும், வேகத்துக்கான தசை நார்கள் சுருங்கும், டெண்டன், அதாவது தசையை எலும்போட இணைக்கற நாண், ரிப்பேர் ஆக ரொம்ப டைம் எடுக்கும். 1500ல செலவாகற எனர்ஜில சுமார் 80 சதவீதம் ஆக்சிஜன் வழியா வர்றது, அத எந்த வயசுலயும் வளக்கலாம், அதுல நமக்குப் பிரச்சனை இல்ல. பிரச்சனை மிச்சம் இருக்கற வேகத்துலயும் அந்த வேகத்தைத் தாங்க வேண்டிய கால்லயும்தான். அதனால நான் அடிச்சுச் சொல்றது ஒண்ணுதான், வருஷம் பூரா ஒரு வாரம் கூட வேகத்தைத் தொடாம இருக்காதீங்க, ஆனா தொடறது ஒவ்வொரு தடவையும் கொஞ்சமா இருக்கட்டும். மூணு மாசம் மெதுவா மட்டும் ஓடிட்டு திடீர்னு ஒரு நாள் ட்ராக்குக்குப் போய் 400 மீட்டரைப் பத்துத் தடவை வேகமா அடிக்கறாங்க பாருங்க, நாற்பதுக்கு மேல நிறையப் பேர் கால் போறது அந்த ஒரு நாள்லதான்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்துருங்க. ஈசிஜி, பிபி, சுகர், ரத்தத்துல இரும்புச் சத்து, அதுல ஃபெர்ரிட்டினையும் (உடம்புல சேமிச்சு வச்சிருக்கற இரும்போட அளவைக் காட்டறது) சேத்துப் பாக்கச் சொல்லுங்க, ஹீமோகுளோபின் சரியா இருந்தும் ஃபெர்ரிட்டின் குறைவா இருந்து மாசக்கணக்குல சோர்ந்து போறவங்க உண்டு. குடும்பத்துல சின்ன வயசுலயே யாருக்காவது ஹார்ட் பிரச்சனை வந்திருந்தா அதையும் மறக்காம சொல்லணும். ஓடும்போது நெஞ்சுல இறுக்கமோ தலைச்சுத்தலோ வந்தா அன்னைக்கு ஓட்டம் அதோட முடிஞ்சது, டாக்டர் பாக்காம மறுபடி ஓடக்கூடாது.

இப்ப கெண்டைக்காலுக்கு வரேன், ஏன்னா இந்த வயசுல சீசனைக் காலி பண்றது பெரும்பாலும் கெண்டைக்காலும் அதுக்குக் கீழ இருக்கற அக்கிலீஸ் டெண்டனும்தான். நெஞ்சும் நுரையீரலும் ரெண்டு மாசத்துல தயாராயிடும், டெண்டன் ஆகாது, அந்த இடைவெளிலதான் அடிபடுது, மூச்சு தாங்குதுன்னு வேகத்தைக் கூட்டுவோம், கால் தாங்காது. மாடிப்படி விளிம்புல முன்பாதத்தை மட்டும் வச்சு குதிகாலைத் தொங்க விடுங்க, ரெண்டு காலாலயும் மேல எழுந்து ஒரு காலால இறங்குங்க, இறங்கறதுக்கு மெதுவா மூணு எண்ணணும், அவசரமா இறக்கினா பலனே இல்ல. முட்டி நேரா வச்சு ஒரு செட், முட்டியை லேசா மடக்கி ஒரு செட், மடக்கினாத்தான் உள்ள இருக்கற சோலியஸ் தசைக்கு வேலை போகும், ஓடும்போது அதிகமா உழைக்கறது அதுதான். 15 தடவை மூணு செட், வாரத்துல மூணு நாள், சுலபமானதும் முதுகுல ஒரு பையை மாட்டி எடையைக் கூட்டுங்க. ஒத்தைக் கால்ல நின்னு முழு உயரத்துக்கு 25 தடவை நிறுத்தாம எழ முடியற வரைக்கும் ஸ்பைக்ஸ், அதாவது அடியில ஆணி வச்ச ட்ராக் ஷூ, பக்கமே போகாதீங்க, ஸ்பைக்ஸ்ல குதிகால் தாழ்வா இருக்கறதால கெண்டைக்காலுக்கும் டெண்டனுக்கும் லோட் எகிறும்.

காலைல படுக்கைய விட்டு இறங்கி வைக்கற முதல் பத்து அடியைக் கவனிங்க. குதிகாலுக்கு மேல விறைப்பா இருந்து அஞ்சு நிமிஷத்துல போயிருச்சு, நேத்தை விட மோசமும் இல்லன்னா ஈஸியா ஓடலாம். அரை மணி நேரம் ஆகியும் போகலன்னா அன்னைக்கு வேகம் கிடையாது. ஓடிட்டு இருக்கும்போது கெண்டைக்கால்ல சுருக்குன்னு பிடிச்சா அந்த இடத்துலயே நிறுத்தி நடந்து திரும்புங்க, இன்னும் ஒரு 200தானேன்னு முடிச்சீங்கன்னா மூணு நாள்ல சரியாக வேண்டியது ஆறு வாரம் இழுக்கும்.

அடுத்து நீங்க இப்ப எங்க நிக்கறீங்கன்னு பாக்கணும். 5 நிமிஷ 1500க்கு ஈடான டைம் சுமாரா 800ல 2:27, 5 கிலோமீட்டர்ல 18:40. ரெண்டையும் ரெண்டு வார இடைவெளில முழு மூச்சா ஓடிப் பாருங்க. 800 நல்லா இருந்து 5 கிலோமீட்டர் 20ஐத் தாண்டுதுன்னா உங்களுக்குத் தேவை நிறைய ஈஸி ரன்னும் டெம்போவும் (கடினமா ஆனா ஒரே சீரா ஓடற ஓட்டம்), 5 கிலோமீட்டர் நல்லா இருந்து 800 2:35லயே நின்னா வேகம் பத்தலன்னு அர்த்தம். 400ஐயும் ஒரு தடவை பாத்துக்கோங்க, 68, 70ல முடிக்கறவங்களுக்கு 80ங்கற லேப் நிதானமாத் தெரியும், 76 முழு வேகமா இருக்கறவங்களுக்கு முதல் லேப்லயே கால்ல ஈயம் கட்டின மாதிரி ஆயிடும். மாரத்தான்ல இருந்து வர்றவங்க பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகைதான்.

டைம் ஒரு வருஷம் வைங்க. முதல் நாலு மாசம் ஓட்டத்துல பெரும்பகுதி ஈஸிதான், ஈஸின்னா முழு வாக்கியமாப் பேசிட்டே ஓடற வேகம், அதுல நிறையப் பேர் ஏமாத்திக்கறாங்க. கூடவே வாரம் ரெண்டு நாள் ஈஸி ரன் முடிஞ்சதும் 80 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் ஆறு, அதாவது வேகத்தைப் படிப்படியா ஏத்தி கடைசி 30 மீட்டர் வேகமா, முகத்துலயும் தோள்லயும் இறுக்கம் இல்லாம, அப்புறம் மூச்சு முழுசா திரும்பற வரைக்கும் நடை. வாரம் ஒரு நாள் மேட்டுல 8ல இருந்து 10 செகண்ட் முழு வேகம், நாலு தடவைல ஆரம்பிச்சு எட்டு வரைக்கும். மேட்டுல வேகம் கம்மியா இருக்கறதால தொடைக்குப் பின்னாடி இருக்கற ஹாம்ஸ்ட்ரிங் தசைக்கு ஆபத்து குறைவு, பலம் ஏறும். ஜிம்ல வாரம் ரெண்டு நாள் ஸ்குவாட், டெட்லிஃப்ட், லஞ்சஸ் (ஒரு காலை முன்னாடி வச்சு முட்டியை மடக்கி இறங்கறது), எடை கொஞ்சம் கனமா, தடவை அஞ்சாறு மட்டும், டெக்னிக் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டு செய்ங்க.

அடுத்த நாலு மாசம் வாரத்துக்கு ரெண்டு கடினமான நாள், அதுக்கு மேல வேண்டாம், ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது ரெண்டு ஈஸி நாள். ஒரு நாள் 1000 மீட்டர் அஞ்சு, ஒவ்வொண்ணும் 3:45 பக்கத்துல, நடுவுல மூணு நிமிஷம் மெதுவான ஜாகிங், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அதுக்குப் பதிலா 20 நிமிஷ டெம்போ, நாலஞ்சு வார்த்தைக்கு மேல பேச முடியாத வேகம். இன்னொரு நாள் 200 மீட்டர் எட்டு, 40 செகண்ட்ல, நடுவுல 200 ஜாகிங். 40ன்னா 40தான், 36ல ஓட முடியுதுன்னு ஓடாதீங்க, ரேஸ் வேகத்துல கால் எப்படி விழுதுன்னு உடம்புக்குப் பழகணும். ஏழு நாள்ல ரெண்டு கடினமான நாள் தாங்கலன்னா பத்து நாள்ல ரெண்டுன்னு பிரிச்சுக்கோங்க, வாரம்ங்கறது நம்ம வசதிக்கு வச்சது, தசைக்கு அது தெரியாது.

கடைசி ரெண்டு மூணு மாசம் 400க்கு மாறுங்க. 80 செகண்ட்ல அஞ்சு, முதல்ல ரெண்டரை நிமிஷம் ரெஸ்ட், வாரம் போகப் போக ரெஸ்ட்டைக் குறைச்சு ஒரு நிமிஷத்துக்குக் கொண்டு வாங்க, வேகத்தைக் கூட்டாதீங்க. ரேஸுக்கு பத்துப் பன்னெண்டு நாள் முன்னாடி 1000 மீட்டரை 3:20ல ஓடி, மூணு நிமிஷம் நின்னு, 500ஐ 1:40ல முடிச்சுட்டீங்கன்னா உங்களுக்குள்ள 5 நிமிஷம் இருக்கு, அதுக்கப்புறம் பெரிசா எதுவும் செய்யாம தூங்குங்க. தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழ போன நாள்ல கடினமான ஓட்டத்தை ஒரு நாள் தள்ளிப் போடறத நான் ரூலாவே வச்சிருக்கேன். பெண்களுக்கு நாற்பதுகள்ல மாதவிடாய் ஒழுங்கு மாறும்போது தூக்கமும் ரிக்கவரியும் சேர்ந்து மாறும், ரத்தப்போக்கு அதிகமா இருந்தா இரும்புச் சத்து வேகமா இறங்கும், அந்த நாட்கள்ல ப்ளானை மாத்தறதுல தப்பே இல்ல, டாக்டர்கிட்டயும் பேசிடுங்க.

ரேஸ் அன்னைக்கு வார்ம் அப்புக்கு முழுசா அரை மணி நேரம் ஒதுக்குங்க, இருபது வயசுல பத்து நிமிஷம் போதுமா இருந்திருக்கும், இப்ப பத்தாது. 15 நிமிஷம் ஜாகிங், டிரில்ஸ், நாலு ஸ்ட்ரைட்ஸ், கடைசியா 200 மீட்டர் ரேஸ் வேகத்துல, அப்புறம் ஏழெட்டு நிமிஷம் உடம்பு சூடு ஆறாம நடந்துட்டு இருங்க.

1500 ஸ்டார்ட் ஆகறது ஃபினிஷ் லைனுக்கு 300 மீட்டர் முன்னாடி. அதனால ஃபினிஷ் லைனைக் கடக்கும்போதெல்லாம் தெரிய வேண்டிய நம்பர் மூணு: 60 செகண்ட், 2:20, 3:40. முதல் 200 மீட்டர் எல்லாருக்கும் பறக்கற மாதிரி இருக்கும், அங்க 36ல போனா அந்த நாலு செகண்டுக்கு பின்னாடி வட்டியோட கட்டணும். வளைவுல முடிஞ்ச வரைக்கும் முதல் லேன்லயே ஓடுங்க, ஒரு லேப் முழுக்க ரெண்டாவது லேன்ல ஓடினா சுமார் 7 மீட்டர் கூட ஓடறீங்க, இந்த வேகத்துல அது ஒண்ணரை செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி. உண்மையான ரேஸ் 700ல இருந்து 1100 வரைக்கும்தான். ஆரம்பத்து உற்சாகம் போயிருக்கும், முடிவு கண்ணுக்குத் தெரியாது, கை தானா இறுகும், தோள் காதுக்குப் பக்கத்துல ஏறும், நாம அதே வேகத்துல ஓடற மாதிரியே இருக்கும் ஆனா வாட்ச்ல 84 காட்டும். அந்த லேப்ல மட்டும் வேணும்னே கொஞ்சம் அழுத்தி ஓடணும், முன்னாடி ஓடறவரோட முதுகைப் பிடிச்சுக்கோங்க, விரலைத் தளர்த்துங்க, அடியை நீட்டாம வேகமா எடுத்து வைங்க. 3:40ல கடைசி லேப்புக்கான மணி அடிச்சுட்டா மிச்ச 400ஐ உடம்பு எப்படியோ ஓடிடும்.

5:04ல முடிஞ்சா வருத்தப்பட்டுட்டு ட்ரெய்னிங்க இரட்டிப்பாக்காதீங்க, ஸ்ப்ளிட்டை, அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் ஆன டைமை, எடுத்துப் பாருங்க. நடு லேப்ல விட்டிருந்தா 1000 மீட்டர் ஓட்டமும் டெம்போவும் இன்னும் ஒரு மாசம் வேணும், கடைசி 300ல விட்டிருந்தா 200கள் வேணும், முதல் 300 மீட்டரை 55ல போயிருந்தா ஃபிட்னஸ் சரியாத்தான் இருக்கு, ஸ்டார்ட்டை மட்டும் பழகினா போதும். ஒரு சீசன்ல மூணு நாலு ரேஸ் ஓடணும், முதல் ரேஸ்லயே டைம் வர்றது அபூர்வம். அடுத்தது ரெண்டு வாரம் தள்ளி இருக்கட்டும், நடுவுல ஒரே ஒரு கடினமான நாள், அன்னைக்கு நின்ன இடத்துல இருந்து கிளம்பி 300 மீட்டரை சரியா 60 செகண்ட்ல முடிக்கறத முழு ரெஸ்ட்டோட அஞ்சு தடவை ஓடிட்டு வீட்டுக்குப் போயிடுங்க.