மேட்டுச் சதுப்பு நிலத்தின் குறுக்கே விரைவுச் சாலையும் பாலங்களும் அமைக்கும் முறை

இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கத்திலிருந்து ஹல் நகரை நோக்கிச் செல்லும் எம்62 விரைவுச் சாலை, லங்காஷயருக்கும் யார்க்‌ஷயருக்கும் இடையிலுள்ள பென்னைன் மலைத்தொடரை விண்டி ஹில் என்னும் இடத்தில் 372 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. பிரிட்டனின் விரைவுச் சாலைகளில் இதுவே மிக உயரமான இடம். ஊட்டிக்குச் சாலை போட்டவர்களுக்கு இந்த உயரம் ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆனால் இங்கே கட்டுமானத்தைச் சிக்கலாக்குவது உயரமன்று. மரமற்ற அந்த மேட்டுவெளியைப் பல அடி கனத்திற்கு மூடியிருக்கும் பீட் மண்ணும், ஆண்டின் பெரும்பகுதி ஓயாத மழையும் பனிமூட்டமும் காற்றுமே ஆகும். இத்தகைய நிலத்தில் நான்கு அல்லது ஆறு வழிச் சாலை அமைக்க முற்படுவோர் எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதை, 1960களில் தொடங்கி 1970களின் முற்பகுதியில் முடிந்த எம்62இன் மலைப்பகுதியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில் பீட்டின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பாக்னம் பாசி, பருத்திப் புல், ஹெதர் போன்ற செடிகள் நீரில் ஊறி, காற்றுப் படாமல் அரைகுறையாக மட்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்ததே பீட். அதில் உலர்ந்த பொருள் ஒரு கிலோ என்றால் அதனுடன் ஐந்து முதல் பத்து கிலோ வரை, சில இடங்களில் அதற்கு மேலும், தண்ணீர் இருக்கும். ஆகவே அதன் மேல் பாரம் ஏற்றினால் தண்ணீர் பிதுங்கி வெளியேற நிலம் அமுங்கும். தண்ணீர் வெளியேறிய பின்னும் நார்கள் நசுங்குவதால் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும். ஆழத்தை அறிய, தடத்தின் நெடுகிலும் குறுக்கிலும் நெருக்கமான இடைவெளியில் இரும்புக் கம்பியைச் செருகிப் பார்ப்பதே போதுமானது. அது பீட்டில் எளிதில் இறங்கி, களிமண்ணையோ பாறையையோ தொட்டதும் நின்றுவிடும். தரத்தை அறிய, சுவீடனைச் சேர்ந்த லெனார்ட் வான் போஸ்ட் வகுத்த முறை இன்றும் கைகொடுக்கிறது. ஒரு பிடி ஈர பீட்டை உள்ளங்கையில் வைத்து இறுகப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் தெளிந்த நீர் மட்டும் வழிந்தால் அது மட்காத முதல் நிலை. நீர் தனியாகப் பிரியாமல் பீட் முழுவதுமே களியாக விரலிடுக்கில் நழுவி, கையில் ஒன்றும் மிஞ்சாமல் போனால் அது பத்தாம் நிலை. பத்தாம் நிலையை நெருங்கும் மண் சரிவான இடத்தில் கிடந்தால், தடத்தை அங்கிருந்து நகர்த்துவதைப் பற்றி அப்போதே பேசத் தொடங்குவது நல்லது.

பீட்டைக் கடக்க அடிப்படையில் மூன்று வழிகள் உண்டு: மிதக்கவிடலாம், தோண்டி எடுக்கலாம், கீழுள்ள உறுதியான அடுக்கு வரை பைல் எனப்படும் நீண்ட அடித்தளத் தூண்களை இறக்கி அதன் மேல் சாலையைத் தாங்கலாம். மிதக்கவிடுவதே மிகப் பழைய வழி. சிறு வயதில் அம்மை நோயால் பார்வையை இழந்த நேர்ஸ்பரோ ஊர்க்காரர் ஜான் மெட்காஃப் 18ஆம் நூற்றாண்டில் இதே பென்னைன் சதுப்புகளின் மேல் ஹெதர் கட்டுகளைப் பரப்பி, அவற்றின் மேல் கல் கொட்டிச் சாலைகள் அமைத்தார். 1830இல் திறக்கப்பட்ட லிவர்பூல்–மான்செஸ்டர் இரயில் பாதைக்காக ஜார்ஜ் ஸ்டீபன்சன் சாட் மாஸ் சதுப்பைக் கடந்ததும் ஏறக்குறைய இவ்வழியில்தான். இன்று ஹெதருக்குப் பதிலாக ஜியோகிரிட் எனப்படும் உறுதியான பிளாஸ்டிக் வலைகள் வந்துவிட்டன. காற்றாலைகளுக்குச் செல்லும் பாதைகளுக்கு அவை பொருத்தமானவை. ஆனால் மணிக்கு 70 மைல் வேகத்தில் வண்டிகள் ஓடும் சாலை ஓரிடத்தில் ஒரு சாணும் அடுத்த இடத்தில் ஒரு முழமும் அமுங்குவதை ஏற்க முடியாது. ஆகையால் நாலைந்து மீட்டர் ஆழம் வரை பீட்டை முழுவதும் அகற்றிவிட்டுப் பாறைத் துண்டுகளால் நிரப்புவதே என் கருத்தில் சிறந்தது. செலவு கூடும் என்று பாதி ஆழம் தோண்டி நிறுத்துவது இரண்டு வழிகளின் கெடுதல்களையும் ஒருசேர வாங்கிக்கொள்வதாகும்.

தோண்டிய பீட்டை எங்கே போடுவது என்பதைத் தோண்டும் முன்பே தீர்மானிக்க வேண்டும். சரிவின் மேல்விளிம்பில் அதைக் குவிப்பது ஆபத்தானது. அயர்லாந்தின் டெரிபிரையனில் 2003 அக்டோபரில் காற்றாலைக் கட்டுமானத்தின்போது பெருமளவு பீட் சரிந்து ஆற்றில் கலந்து, மீன்கள் மாண்டன. சமதளமான பள்ளங்களில் தாழ்வான படுகையாகப் பரப்பி, மேல்தோலைச் செடிகளோடு தனியே பெயர்த்து வைத்திருந்து மீண்டும் மேலே போர்த்த வேண்டும்.

வடிகால் வேலை, கனரக இயந்திரங்கள் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்க வேண்டும். சாலையின் மேட்டுப்பக்கத்தில் ஒரு நீண்ட வாய்க்கால் வெட்டி, மலையிலிருந்து இறங்கும் நீரை வேலைத்தளத்திற்குள் வராமல் தடுத்துச் சிறுபாலங்களின் வழியே கீழே கடத்த வேண்டும். பென்னைன் மேட்டில் விழும் மழை சுற்றியுள்ள ஆலை நகரங்களின் குடிநீர் என்பதால், கலங்கிய நீரை நேரே ஓடைகளில் விட முடியாது. வண்டல் தேங்கும் குட்டைகள் தேவை. பீட்டின் பழுப்பு நிறமோ குட்டையில் தேங்கினாலும் தெளியாது.

இனி வெட்டும் நிரப்பும். இப்பகுதியின் பாறை, மில்ஸ்டோன் கிரிட் எனப்படும் முரட்டு மணற்கல்லும் அதனிடையே அடுக்கடுக்காக வரும், களிமண் இறுகி உண்டான ஷேல் என்னும் மென்பாறையும் ஆகும். மேட்டில் வெட்டியெடுக்கும் பாறை பள்ளத்தில் நிரப்பத் தேவைப்படும் அளவுக்குச் சரியாக அமையும்படி சாலையின் மட்டத்தைத் தேர்வதே இத்தொழிலின் சாரம். எம்62இல் இது மிகத் துணிச்சலாகச் செய்யப்பட்டது. டீன்ஹெட் என்னுமிடத்தில் 50 மீட்டருக்கும் மேல் ஆழமாக வெடிவைத்து வெட்டிய பாறையை, அருகிலிருந்த பள்ளத்தாக்கின் குறுக்கே கரையாகக் கொட்டினார்கள். அந்தக் கரையே ஹடர்ஸ்பீல்டு நகராட்சியின் ஸ்காமண்டன் நீர்த்தேக்கத்திற்கு அணையாகவும் அமைந்தது. 70 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள அந்த அணையின் முகட்டில்தான் விரைவுச் சாலை ஓடுகிறது. சாலைத் துறையும் குடிநீர்த் துறையும் தனித்தனியே டெண்டர் விட்டிருந்தால் ஒன்று பாறையைக் கொட்ட இடம் தேடியிருக்கும், மற்றொன்று பாறை வாங்கியிருக்கும்.

பாறைக் கரைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. களிமண் நிரப்பை மழையில் கொட்டி ரோலர் ஓட்டினால் சேறாகிவிடும். கெட்டியான பாறைத் துண்டுகளைத் தூறலிலும் பரப்பி அழுத்தலாம். அணையின் நடுவே நீர் கசியாமல் தடுக்கும் களிமண் உட்கருவை மட்டும் வறண்ட நாட்களில் ஏற்ற வேண்டும் என்பதால், வேலை அட்டவணையே அந்த உட்கருவைச் சுற்றித்தான் அமையும். அணையில் நீர் ஏறும்போது கரை சற்று அசைந்து அமரும். அந்த அசைவை அளந்து, அது அடங்கிய பிறகே மேலே இறுதித் தளம் போட வேண்டும்.

ஷேலைக் கையாளும்போது கூடுதல் விழிப்பு வேண்டும். அதிலுள்ள பைரைட் என்னும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாக மாறிக் காங்கிரீட்டை அரிக்கும். அருகே சுண்ணாம்புக் கல் இருந்தால் கரியமில வாயு பிறக்கும். டெர்பிஷயரின் கார்சிங்டன் அணையில் 1983இல் நான்கு தொழிலாளர்கள் ஓர் ஆய்வுக் குழிக்குள் இவ்வாறு தேங்கிய வாயுவால் மூச்சுத் திணறி இறந்தனர். ஆகவே ஷேல் நிரப்பின் வடிகாலுக்குச் சுண்ணாம்புக் கல் ஜல்லியைப் பயன்படுத்தக் கூடாது. எந்தக் குழிக்குள்ளும் வாயுவைச் சோதிக்காமல் ஆளை இறக்கவே கூடாது.

பாலங்களில் எல்லா இடத்திற்கும் ஒரே மாதிரி வடிவம் ஒத்துவராது. லிட்டில்பரோ அருகே ரேக்வுட் பள்ளத்தாக்கைக் கடக்கும் பாலம் ஏறத்தாழ 250 மீட்டர் நீளமும் 40 மீட்டருக்கு மேல் உயரமும் உடையது. அத்தனை உயரத்திற்குக் காற்றில் சாரம் கட்டி காங்கிரீட் வார்ப்பதைக் காட்டிலும், பட்டறையில் செய்து கொண்டுவரும் எஃகு கர்டர்களைத் தூண்களின் மேல் ஏற்றி, அவற்றின் மேல் காங்கிரீட் தளம் போடுவதே நல்லது. மலையில் வேலை செய்யக் கிடைக்கும் காலம் குறைவு. டீன்ஹெட் வெட்டில் நிலைமை வேறு. அங்கே இரு பக்கமும் பாறைச் சுவர்கள் இருப்பதால் ஒற்றைக் கண் (இரு தாங்கல்களுக்கு இடைப்பட்ட வெளி) கொண்ட காங்கிரீட் வளைவின் உதைப்பை அவை தாங்கிக்கொள்ளும். சாலையின் நடுவே தூணும் தேவையில்லை. 1970இல் முடிந்த ஸ்காமண்டன் பாலம் 125 மீட்டர் கண்ணுடன், விரைவுச் சாலைக்கு மேலே 37 மீட்டர் உயரத்தில், பழைய ஊர்ச்சாலையை அக்கரை சேர்க்கிறது. வளைவுக்கும் தளத்திற்கும் இடையே மெல்லிய சுவர்கள் மட்டும் நிற்க மற்ற இடம் திறந்திருப்பதால் எடையும் குறைகிறது, காற்றும் ஊடுருவிப் போகிறது. வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் காங்கிரீட் வார்ப்பை நிறுத்துவது, அல்லது வார்த்ததைப் போர்த்திச் சூடாக வைப்பது, இவ்வுயரத்தில் அன்றாட நடைமுறையாக இருக்க வேண்டும். நடந்து செல்வோரையும் மறக்கலாகாது. 1965இல் திறக்கப்பட்ட பென்னைன் வே என்னும் நெடுந்தூர மலை நடைபாதைக்காக விண்டி ஹில் அருகே மெல்லிய வளைவுப் பாலம் ஒன்று தனியாகவே கட்டப்பட்டது.

இருபுறச் சாலைகளும் ஒட்டியே ஓட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஸ்டாட் ஹால் பண்ணை வீட்டின் இரு பக்கமும் எம்62 பிரிந்து செல்வதைப் பார்ப்பவர்கள், பிடிவாதக்காரக் குடியானவர் இடம் தர மறுத்தார் என்றே கதை சொல்வார்கள். உண்மைக் காரணம் அந்த இடத்தின் நில அமைப்புதான். சாய்ந்த நிலத்தில் இரு பாதைகளையும் வெவ்வேறு மட்டத்தில் பிரித்து வைத்தால் வெட்டும் நிரப்பும் குறையும். நடுவில் மாட்டிக்கொண்ட பண்ணைக்கு ஆடுகள் கடக்கக் கீழ்ப்பாதை கொடுக்க வேண்டும், அவ்வளவே.

கடைசியாகப் பனி. ஆழமற்ற செங்குத்தான வெட்டுகளில்தான் காற்று கொண்டுவரும் பனி குவிந்து சாலையை அடைக்கும். ஆகவே அத்தகைய வெட்டின் சரிவுகளைச் சாய்வாக விரிக்க வேண்டும், அல்லது சாலையைச் சுற்றியுள்ள நிலத்தைவிடச் சற்று உயர்த்திக் காற்றே பனியைத் துடைத்துக்கொண்டு போகும்படி விட வேண்டும். வேலி போடுவதானால், பாதி இடைவெளியுள்ள மரச்சட்ட வேலியின் பின்னே பனிக்குவியல் வேலியின் உயரத்தைப் போல் ஏறக்குறைய 30 மடங்கு தூரம் வரை நீளக்கூடும் என்பதால், அதைச் சாலையோரத்தில் நடாமல் காற்று வரும் திசையில் அந்த அளவுக்கு விலகி நட வேண்டும். அந்த இடமும் திட்டத்தின் எல்லைக்குள் வரும்படி நிலம் கையகப்படுத்தும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும்.