சமன்பாடு சரி, மரம் எங்கிருந்து வந்தது?

பயிற்சி ஆசிரியர்களின் உயிரியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலைகளில் ஒன்று. பாதி நேரம் என் பழைய வகுப்பையே பார்ப்பதுபோல் இருக்கும். குரல் எட்டவில்லை, படம் கோணல் என்பதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

மாணவர் ஏற்கெனவே என்ன நம்புகிறார் என்று கேட்காமல் தொடங்குவது

ஒளிச்சேர்க்கையை இரண்டு வாரம் நடத்தினேன். தேர்வில் அநேகமாக எல்லாரும் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதினார்கள். எனக்கு ஒரே பெருமை. மறுநாள் ஒரு மரக்கட்டையை மேசைமேல் வைத்து, "இதன் எடை எங்கிருந்து வந்தது?" என்றேன். மண்ணிலிருந்து, உரத்திலிருந்து, தண்ணீரிலிருந்து என்றார்கள். காற்று என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இரண்டு வாரம் வீண்.

காய்ந்த கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அது கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் இருந்தது. இதை நம்புவது எளிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் ஃபான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி 5 ஆண்டுகள் ஒரு வில்லோ மரத்தைத் தொட்டியில் வளர்த்தார். மரம் சுமார் 74 கிலோ கூடியது. மண்ணின் எடையோ 60 கிராம்கூடக் குறையவில்லை. அவரே எல்லாம் தண்ணீர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்! இப்போது நான் இந்தக் கதையை முடிவு சொல்லாமல் தொடங்கி, மண் எவ்வளவு குறைந்திருக்கும் என்று எழுதச் சொல்கிறேன். அவரவர் நம்பிக்கை தாளில் வந்துவிடும். அப்புறம்தான் பாடம்.

இதைச் செய்யாமல் "புரிந்ததா?" என்று கேட்டு, "புரிந்தது" என்ற கோரஸில் திருப்தி அடைபவரைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அதே வகுப்பில் 'பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்' என்று பலகையில் எழுதியும் இருப்பார். செடி இருபத்துநாலு மணி நேரமும் சுவாசிக்கிறது.

ஸ்டார்ச் சோதனை

ஒளி பட்ட இடத்தில்தான் இலை ஸ்டார்ச் (மாவுச்சத்து) தயாரிக்கிறது என்று காட்ட, இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத்தாளால் மூடி, பிறகு அயோடின் விடுவோம்; ஸ்டார்ச் இருந்தால் கருநீலமாகும். செடியை முன்கூட்டியே ஓரிரு நாள் இருட்டில் வைக்காவிட்டால், பழைய ஸ்டார்ச் தீராமல், கறுப்புத்தாள் சுற்றிய பகுதியும் கருநீலமாகும். இலையின் பச்சையை நீக்கப் பயன்படும் ஆல்கஹாலை நேரடியாகத் தீயில் வைக்கவே கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள்.

ஒட்டகச்சிவிங்கி

'எட்டுவதற்காகக் கழுத்து நீண்டது' என்று சொல்லாதீர்கள். தேவைப்பட்டதால் கழுத்து வளரவில்லை; பிறவியிலேயே சற்று நீண்ட கழுத்து இருந்தவை அதிகம் பிழைத்துப் பெருகின.

நுண்ணோக்கி

கன்னங்கரேலென்ற விளிம்போடு வட்டமாகத் தெரிவது செல் அல்ல, காற்றுக்குமிழி. அதை அழகாக வரைந்த ஒரு நோட்டுக்கு நான் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.