சுவிஸ் பல்கனியில் எடெல்வைஸ்: விதை முதல் இரண்டாவது கோடை வரை

எடெல்வைஸ் குளிரில் சாவதில்லை. ஆல்ப்ஸில் 1,800 மீற்றருக்கு மேலே, சுண்ணாம்புக்கல் இடுக்கில், மாதக்கணக்காகப் பனிக்கடியில் கிடந்துவிட்டு எழும்புகிற செடி அது. பல்கனியில் அதைக் கொல்வது ஈரம். ஈரத்துக்கு அடுத்தபடியாகக் கொழுத்த மண், பசளை, வீட்டுச் சூடு. ரோஜாவுக்குச் செய்கிற உபசாரம் எதுவும் இதற்கு ஆகாது.

மலையில் கண்டதைப் பிடுங்கி வர நினைக்க வேண்டாம். பல கன்டோன்களில் (சுவிஸ் மாநிலங்களில்) அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பூ. சட்டம் இல்லாவிட்டாலும், பாறை இடுக்கில் ஓடிய வேரை முழுதாக எடுக்க முடியாது, எடுத்தது பிழைக்காது. விதையாகவோ நாற்றுப்பண்ணைக் கன்றாகவோ வாங்குங்கள்.

விதை போடுதல்

காலம்: பெப்ரவரி நடுப்பகுதி. விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு மேசைக்கரண்டி ஈர மணலில் கலந்து, சிப் பையில் போட்டு, பிரிட்ஜில் 4 பாகை அளவில் 3 அல்லது 4 கிழமை வையுங்கள். சில விதை குளிர் காணாமலும் முளைக்கும். ஆனால் குளிர் கண்ட விதை ஒன்றாக முளைக்கும், கண்டபடி இழுத்தடிக்காது.

பிறகு நாற்றுமண்ணும் மணலும் சரிபாதி கலந்து தட்டில் நிரப்பி, அந்த மணலோடேயே விதையை மேலே தூவுங்கள். மண்ணால் மூடக்கூடாது. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். கத்தரி, மிளகாய் போட்டுப் பழகிய கை தன்னாலேயே மேலே ஒரு பிடி மண்ணைத் தூவிவிடும். ‘விதை பழுது’ என்று சொல்லப்படுவதில் பாதி இந்த ஒரு பிடி மண்தான்.

மேலிருந்து தண்ணீர் விட்டால் விதை ஓரத்துக்கு ஓடி ஒரே இடத்தில் குவியும். தட்டை 1 சென்ரிமீற்றர் தண்ணீரில் இறக்கி வையுங்கள். மேல்மண் கறுத்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். 15 முதல் 18 பாகை, வெளிச்சமான ஜன்னலோரம், மேலே கண்ணாடி அல்லது பொலித்தீன். 2 முதல் 4 கிழமையில் முளை தெரியும், அன்றைக்கே மூடியை எடுங்கள். எடுக்காவிட்டால் தண்டு அடியில் கறுத்து, நூல் அறுந்த மாதிரி நாற்றுகள் வரிசையாகச் சாயும். விதையிலைக்குப் பிறகு வரும் உண்மை இலை நான்கு வந்ததும் தனித்தனியாகப் பிரிக்கலாம்.

மண்: பிழைக்கும் இடமும் சாகும் இடமும்

அளவு, கனத்தில் அல்ல, கோப்பைக் கணக்கில்: நாற்றுமண் 1 பங்கு, கரடான மணல் 1 பங்கு, 3 முதல் 6 மில்லிமீற்றர் சுண்ணாம்புக்கல் சல்லி 1 பங்கு. கடையில் சல்லியை ‘ஸ்ப்ளிட்’ என்று கேளுங்கள். உருண்டைக் கூழாங்கல் வேண்டாம், முனை உடைந்த கல்தான் இடைவெளி விடும். கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் கலவை உதிர வேண்டும். கொழுக்கட்டை மாதிரி நின்றால் இன்னும் சல்லி போடுங்கள்.

சாடியின் அடியில் கல்லோ சுட்ட களிமண் உருண்டையோ ஒரு படை போடுவது நம்மவர்களின் பழக்கம். இந்தச் செடிக்கு அது கெடுதல். நுண்மண்ணிலிருந்து பருங்கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. மண் நன்றாக ஊறித் ததும்பும்வரை அந்த எல்லையிலேயே தேங்கி நிற்கும். அடியில் போட்ட படை ஈரத்தை வேருக்குக் கிட்டக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். கல்லை மண் முழுக்கக் கலவுங்கள். துவாரத்தின் மேல் ஒரு ஓட்டுத்துண்டு போதும்.

சாடி சுட்ட மண்ணில் ஆனது, 15 முதல் 18 சென்ரிமீற்றர் அகலம். பிளாஸ்ரிக் வேண்டாம், அதன் பக்கம் வழியே ஈரம் காயாது. நட்டபின் கழுத்தைச் சுற்றி, இலைக்கு அடியில், 2 சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சல்லி பரப்புங்கள். வெண்பஞ்சு போர்த்த இலை ஈர மண்ணில் படுத்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அங்கேதான் அழுகல் தொடங்கும்.

மே மாதத்தில் விற்கும் பூத்த கன்று பெரும்பாலும் பீற் மண் (சதுப்பு நிலத்து மக்கல் மண்) உருண்டைக்குள் இருக்கும். அதை அப்படியே சல்லிக் கலவைக்குள் இறக்கினால் வெளிமண் காய்ந்திருக்க, நடுவில் பஞ்சு மாதிரி ஊறிக்கிடக்கும். வேரை வாளித் தண்ணீரில் அலைத்து, பீற்றில் பாதியாவது கழன்ற பிறகு நடுங்கள்.

வெயில், தண்ணீர், பசளை

ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். வடக்குப் பார்த்த பல்கனியா? வேறு பூ பாருங்கள். மேல்மண் 3 சென்ரிமீற்றர் காய்ந்தால் காலையில், மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்று யோசிக்கத் தேவையில்லை, இதற்கு அது பிடிக்கும்.

பசளை ஏப்ரலில் ஒரே ஒரு தடவை, தக்காளிப் பசளை, போத்தலில் போட்ட அளவில் பாதி. கூடினால் தண்டு நீண்டு சாயும், இலை பச்சையாகும், வெண்பஞ்சு குறையும். பூ வெள்ளையாக இல்லை என்றால் முதலில் பசளையையும் நிழலையும் சந்தேகப்படுங்கள். (வெள்ளை நட்சத்திரமாகத் தெரிவது இதழே அல்ல, பஞ்சு போர்த்த இலை. பூ நடுவில் இருக்கும் சின்ன மஞ்சள் குஞ்சங்கள்.)

குளிர்காலம்

மலையில் பனி மூடியிருக்கும்வரை செடி உலர்ந்தே கிடக்கும். சூரிச், பேர்ண் பக்கம் பனி, மழை, உருகல், மறுபடி உறைதல். அதுதான் வித்தியாசம். மேல்மாடி மறைத்த பல்கனி இங்கே பெரிய வசதி. சாடியைச் சுவரோரம் தள்ளி, அடியில் கட்டை வைத்து உயர்த்தி, மழை படாமல் விடுங்கள். மாதம் ஒரு தடவை, உறையாத நாளில், அரைக் கோப்பை தண்ணீர்.

ஹோலுக்குள் கொண்டுவர வேண்டாம். ஓய்வு கிடைக்காத செடி வெளுத்து நீண்டு, கோடையில் பூக்காது.

நவம்பரில் மேலிலை எல்லாம் காய்ந்து செத்தது போலக் கிடக்கும். சல்லியை விலக்கினால் அடியில் பயறளவு சாம்பல் மொட்டுகள் இருக்கும். சாடியைக் கொட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். காய்ந்த இலையை மார்ச்சில் வெட்டினால் போதும்.

விதையில் வந்த செடி இரண்டாவது கோடையில் பூக்கும். மூன்று வருடத்தில் நடு வெறுமையாகும், மார்ச் கடைசியில் கிளப்பி, வேரோடு ஓரத்துண்டுகளைப் பிரித்து நடுங்கள்.

பின்னர் சேர்த்தது

நாற்றுத்தட்டில் பச்சைப்பாசி படிகிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். தட்டு தண்ணீரிலேயே நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எடுத்து, இரண்டு நாள் காயவிட்டு, மெல்லிய மணல் அரை மில்லிமீற்றர் தூவுங்கள், முளைத்த பிறகு மட்டும்.

அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) பஞ்சுக்குள் ஒளிந்தால் சவர்க்காரத் தண்ணீர் அடிக்க வேண்டாம். பஞ்சு நனைந்து ஒட்டிப்போகும். உலர்ந்த சின்னத் தூரிகையால் தட்டி விழுத்துங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு விதை அனுப்பலாமா? வேண்டாம். முளைத்தாலும் குளிர்கால ஓய்வு கிடைக்காது. நுவரெலியாவில் குளிர் ஓரளவு உண்டு, ஆனால் அந்த மழை போதும் அழுக வைக்க.