பினாங்குத் தீவைச் சைக்கிளில் சுற்றுவது எப்படி? முதன்முறை கிளம்புகிறவர்களுக்கு

"அண்ணே, வாரா வாரம் 40 கிலோமீட்டர் ஓட்டுறேன். தீவைச் சுத்தி வந்துட முடியுமா?" என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டான். முடியும். ஆனால் சமதளமான ஜெலுத்தோங் கடலோரத்தில் ஓட்டிய 40 கிலோமீட்டரை வைத்து இந்தப் பாதையை அளக்கக் கூடாது. ஜார்ஜ் டவுனில் கிளம்பி ஜார்ஜ் டவுனுக்கே திரும்ப ஏறத்தாழ 70 கிலோமீட்டர். நடுவில் இரண்டு பெரிய ஏற்றங்கள். அவை எங்கே வருகின்றன என்று தெரிந்து ஓட்டுகிறவர் சிரித்தபடி வீடு சேர்வார். தெரியாதவர் பாலிக் புலாவிலேயே வீட்டுக்குப் போன் போட்டுக் காடியை வரச் சொல்வார்.

படி 1: ஊர்ப் பெயர்களை வாசியுங்கள்

பந்தயக்காரர்கள் பாதையின் ஏற்ற இறக்க வரைபடத்தை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்கள். நமக்குச் சாலையோரப் பெயர்ப்பலகைகளே பாதி வரைபடம். தஞ்சோங் என்றால் முனை, தெலுக் என்றால் குடா. தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா வழியாகப் பத்து பிரிங்கி போகும் சாலை, முனைகளைச் சுற்றும்போது சிறு மேடேறி, குடாப் பக்கம் இறங்கும். தெலுக் பாஹாங்கில் மறுபடி கடல் மட்டம். அங்கிருந்து சாலை கடலை விட்டுத் தெற்கே திரும்பி, அணையைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறுகிறது. அது முதல் பெரிய ஏற்றம். மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவ், அதாவது தீவின் பின்புறம். அடுத்து கெந்திங். இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள குறுகலான கணவாயை மலாயில் அப்படிச் சொல்வார்கள். பெயரே சொல்லிவிட்டது, இரண்டாவது ஏற்றம் அங்கேதான். அதில் இறங்கினால் தெலுக் கும்பார், மறுபடியும் குடா. பிறகு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் வழியாக வீடு வரை சமதளம்.

படி 2: வடக்கிலிருந்து மேற்காகச் சுற்றுங்கள்

ஜார்ஜ் டவுனின் பாடாங் கோத்தா திடலில் கிளம்பி, கடல் உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி போங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டும் நாடு. இந்தத் திசையில் முக்கியத் திருப்பங்கள் பெரும்பாலும் இடப்பக்கமே வரும், எதிர்வரும் வாகனங்களைக் குறுக்கே கடக்கும் வேலை குறைவு. பத்து பிரிங்கி வளைவுகளில் மலைச்சுவரை ஒட்டியே போகலாம். புதியவருக்கு இது பெரிய நிம்மதி.

படி 3: பின்பல்லைப் பாருங்கள்

இதில்தான் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் வண்டி வாங்கும்போது எடையையும் பிராண்டையும் விசாரிப்போம், பின்சக்கரத்தில் எத்தனை பல் என்று கேட்பதே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்னால் சிறிய வளையத்தில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 25 என்றால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 2.85 மீட்டர் நகரும். அணைக்கு மேல் நம்மால் மணிக்கு 9 கிலோமீட்டர்தான் முடியும் என்றால், நிமிடத்துக்கு 52 சுற்று. ஒவ்வொரு சுற்றும் படிக்கட்டில் மூட்டை தூக்குவது போல முட்டியைப் பிடிக்கும். பின்னால் 32 பல் இருந்தால் அதே வேகத்துக்கு 67 சுற்று வரும். கால் உருளும், முட்டி தப்பும். 25தான் இருக்கிறது என்றால், கிளம்புவதற்கு முன் சைக்கிள் கடையில் மாற்றிவிடுங்கள். பழைய கியர் மாற்றியில் பெரிய பல்சக்கரம் பொருந்துமா என்பதைக் கடைக்காரர் பார்த்துச் சொல்வார்.

படி 4: இருட்டோடு கிளம்புங்கள்

இங்கே சூரியன் உதிக்க ஏழு மணி தாண்டும். ஆறரைக்கு முன்விளக்கும் பின்விளக்கும் போட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் முதல் மலை முடிந்துவிடும். தண்ணீர்ப் புட்டி இரண்டு, உதிரி டியூப் ஒன்று, காற்றடிக்கும் பம்பு. மணிக்கு அரை லிட்டராவது குடியுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். செப்டம்பர், அக்டோபர் பெருமழைக் காலம். டுரியான் பழம் விழும் ஜூன், ஜூலை ஞாயிறுகளில் பாலிக் புலாவ் சாலை முழுக்கக் காடிகளாக இருக்கும், அந்த நாட்களையும் தவிர்ப்பது நல்லது.

படி 5: கடலோரத்தில் காலை அடக்குங்கள்

நான் முதல்முறை போனபோது பத்து பிரிங்கியில் ஒரு கூட்டம் என்னைத் தாண்டிப் போனது. விடாமல் துரத்தினேன். கடற்காற்று, காலைக் குளிர், கால் பறந்தது. அணையைப் பார்த்த நிமிடத்தில் தொடை இறுகிவிட்டது.

சமதளத்தில் நம் எதிரி காற்று. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டி ஓட்டினால் கால் பங்கு உழைப்பாவது மிச்சமாகும். பந்தயங்களில் கடலோரத்தில் கூட்டம் கலையாமல் போவது அதனால்தான். மலையில் வேகம் குறைந்துவிடும், காற்றுத் தடையும் குறைந்துவிடும், ஒவ்வொருவரும் தன் உடம்பைத் தானேதான் தூக்க வேண்டும். 1996இல் தொடங்கிய லங்காவி சுற்றுப் பந்தயத்தில் கெந்திங் ஹைலண்ட்ஸ் மலை ஏற்றம் (நம் தீவின் கெந்திங் அல்ல, பகாங் பக்கம் இருப்பது) வரும் நாட்களில் கூட்டம் சிதறுவதும் இதனால்தான். ஆகவே தெலுக் பாஹாங் வரையுள்ள 20 கிலோமீட்டரில் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும்.

படி 6: முதல் ஏற்றம்

அணைச்சுவர் தெரிவதற்கு முன்பே சிறிய கியருக்கு வந்துவிடுங்கள். ஏற்றத்தில் அழுத்தியபடியே கியர் மாற்றினால் சங்கிலி முரண்டு பிடிக்கும். இருக்கையில் உட்கார்ந்தே ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவின் உட்புறம்தான் மிகச் செங்குத்து. பின்னால் வண்டி வரவில்லை என்றால் சற்று வெளிப்பக்கமாக ஒதுங்கி ஏறலாம். மூச்சு முட்டினால் இறங்கி நில்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலே சாலையோரக் கடையில் ஜாதிக்காய்ச் சாறு கிடைத்தால் வாங்கிக் குடியுங்கள்.

படி 7: இறக்கம்

ஏற்றத்தில் தவறு செய்தால் கால்தான் வலிக்கும். இறக்கத்தில் தவறினால் எலும்பு முறியும். தித்தி கெராவாங் அருவிப் பக்கம் மர நிழலில் சாலை காலை பத்து மணிக்கும் ஈரமாக இருக்கும், இலைச் சருகு வழுக்கும், குரங்குகள் குறுக்கே வரும். கைகளை வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டு வாருங்கள், பிரேக் முழுப் பிடியில் வரும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கை இறுக்காதீர்கள். இடப்பக்கம் திரும்பும்போது வலக்கால் பெடல் கீழே இருக்கட்டும், உடல் எடையை அதில் வையுங்கள். கண் வளைவு முடியும் இடத்தைப் பார்க்கட்டும், கண் போகிற வழியில்தான் வண்டியும் போகும். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு கொதித்துவிடும். விட்டு விட்டுப் பிடியுங்கள்.

படி 8: பாலிக் புலாவில் பசியாறுங்கள்

வயல்களுக்கு நடுவே சாலை சமமாகிவிடும், ஏதோ முடித்துவிட்ட நினைப்பு வரும். கெந்திங் இன்னும் இருக்கிறது. இங்கே ரொட்டி சானாய் ஒன்று, இனிப்பாக ஒரு தே தாரேக், 20 நிமிட ஓய்வு. புகழ்பெற்ற லக்சாவை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், புளியும் காரமும் ஏற்றத்தில் வயிற்றைப் புரட்டும். இரண்டாவது ஏற்றம் முதலாவதை விடச் சிறியதுதான், ஆனால் வெயிலில் வரும். கணவாய்க்கு மேல் தெற்குக் கடல் கண்ணில் படும்போது கடைசி வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிடுங்கள்.

படி 9: கடைசி 20 கிலோமீட்டர்

தெலுக் கும்பாருக்குப் பிறகு மலை இல்லை, லாரிகள் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையைத் தாண்டும் வரை ஒற்றை வரிசையில் போங்கள். களைத்த நேரத்தில் கவனம் சிதறும், சமிக்ஞை விளக்குகளில் அவசரம் வேண்டாம். குவீன்ஸ்பே பக்கம் கடலோரமாகவே வரலாம், இடையில் பினாங்குப் பாலத்தின் அடியில் கடப்பீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கத் தோன்றும். அதற்கு முன் ஈரத்துணியால் வண்டியைத் துடைத்து, சங்கிலியைக் காயவைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கடலோர உப்பு ஒரே இரவில் துருவைக் கொண்டுவந்துவிடும்.